ஐயா, அப்பத்தா, அழகப்பா காலேஜ்: யார் பேர்ல, எங்க அறக்கட்டளை வைக்கிறது? யோசனை சொல்லுங்க

வளவுவீட்டுப் பேரன்:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு யோசனை கேக்கத்தான் வந்தேன், ஆனா கதையச் சொல்லாம கேட்டா ஒண்ணும் புரியாது, அதனால கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கங்க.

எங்க ஐயாவும் அப்பத்தாவும் (அப்பாவப் பெத்தவுக) ரெண்டு பேருமே காரைக்குடி அழகப்பா ஆர்ட்ஸ் காலேஜ்ல படிச்சவுக. ஒண்ணாப் படிக்கல. ஐயா 1963-ல பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடிச்சிட்டு வெளிய வந்துட்டாக, அப்பத்தா 66-ல பி.ஏ. தமிழ் சேந்து 69-ல முடிச்சாக. அதே 69 ஆவணியில கல்யாணம். அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் எங்க வீட்ல சண்டைன்னு ஒண்ணு வந்தா பாதி அந்தக் காலேஜப் பத்தினதாத்தான் இருக்கும், சந்தோஷம்னு ஒண்ணு வந்தாலும் அப்படித்தான். பேப்பர்ல காலேஜ் பேர் வந்துட்டா ஐயா கத்தரிக்கோல எடுத்துட்டு வந்துருவாக, அப்பத்தா பின்பக்கம் இருக்குற கோலத்தை வெட்டாதீங்கன்னு சத்தம் போடுவாக. ஏப்ரல் 5 காலேஜ ஆரம்பிச்ச வள்ளல் அழகப்பர் இறந்த நாள், மறுநாள் 6 அவர் பொறந்த நாள். முத நாள் வீட்ல இனிப்பு கிடையாது, மறுநாள் கும்மாயம் உண்டு. சின்னப் பிள்ளையில நாங்க அவர் நம்ம பங்காளின்னே நெனச்சுக்கிட்டு இருந்தோம், ஒரு ஒறவும் கிடையாது.

விஷயம் என்னன்னா, ரெண்டு பேரும் சேத்து வச்ச காசுல 5 லட்சம் படிச்ச எடத்துக்குக் குடுக்கணும்னு முடிவு பண்ணிட்டாக. அதுல யாருக்கும் மறுப்பு இல்ல. எங்க குடுக்குறது, எதுக்குக் குடுக்குறது, யார் பேர்ல குடுக்குறதுங்கறதுல ஆறு மாசமா வீட்ல பஞ்சாயத்து. ஐயா கெமிஸ்ட்ரியில மொத ரேங்க் எடுக்குற பிள்ளைக்குப் பரிசுங்கறாக. அப்பத்தா, மொத ரேங்க் எடுக்குறவனுக்கு எல்லாரும் குடுப்பாக, பீஸ் கட்ட முடியாம நிக்கிற பொம்பளப் பிள்ளைக்குக் குடுங்கங்கறாக. இதுல இன்னொரு சிக்கல், அவுக படிச்ச காலேஜ் இப்ப அரசு கல்லூரி, பக்கத்துலயே அழகப்பா யுனிவர்சிட்டி தனி. எதுக்குக் குடுத்தா உருப்படியா நடக்கும்? அனுபவம் உள்ளவுக சொல்லுங்க.

கண்டனூர் டு பினாங்கு:
படிக்கவே நல்லா இருக்கு தம்பி. லவ் மேரேஜா? அந்தக் காலத்துல நம்ம ஊர்ப்பக்கம்?

வளவுவீட்டுப் பேரன்:
இல்லண்ணே, வீட்ல பாத்து வச்ச கல்யாணந்தான். நம்ம நகரத்தார் கோயில் பிரிவுல ஐயா இளையாத்தங்குடிக் கோயில், அப்பத்தா மாத்தூர்க் கோயில், எல்லாம் முறையாப் பேசி இசைகுடிமானம் (கல்யாண ஒப்பந்தம்) எழுதி நடந்தது. ஆனா ஒரு கூத்து உண்டு. பேசி முடிச்சு கல்யாணத்துக்கு நாள் இருக்கையில ஐயா, பொண்ணோட அண்ணனக் கூப்பிட்டு ஒண்ணு கேட்டாகளாம். எல்லாரும் சீர் விஷயமோ என்னமோன்னு பயந்துட்டாக. உங்க தங்கச்சியோட லைப்ரரி கார்டு இன்னும் கையில இருக்கா, ஒரு கெமிஸ்ட்ரி புஸ்தகம் வேணும், பழைய ஸ்டூடண்டுக்குத் தரமாட்டேங்குறான்னு கேட்டுருக்காக! அப்பத்தாவும் எடுத்துக் குடுத்துவிட்டாக. தமிழ் படிக்கிற பிள்ளை எதுக்கு எலக்ட்ரோகெமிஸ்ட்ரி எடுக்குதுன்னு லைப்ரரியன் ஒரு மாதிரி பாத்தாராம். அந்தப் புஸ்தகத்தத் திருப்பிக் குடுக்கத்தான் கல்யாணத்துக்கு அப்பறம் ரெண்டு பேரும் மொத மொதல்ல ஒண்ணா வெளிய போனது. பிள்ளையார்பட்டிக்குப் போனோம்னு வீட்ல சொல்லிட்டு.

சிதம்பரம் பழைய மாணவன்:
கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா செட்டிநாடு, யுனிவர்சிட்டின்னு ரெண்டு வார்த்தையும் சேந்து வந்தா மொதல்ல சொல்ல வேண்டியது சிதம்பரம் அண்ணாமலை யுனிவர்சிட்டிதானே? ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் நம்ம கானாடுகாத்தான்காரர். 1920-ல மீனாட்சி காலேஜ ஆரம்பிச்சு 1929-ல அதை யுனிவர்சிட்டியாவே ஆக்கிட்டார். அப்ப உங்க காரைக்குடியில காலேஜே கிடையாது. மகிபாலன்பட்டி பண்டிதமணி கதிரேசன் செட்டியார் பாடம் நடத்துன எடம் அது.

எங்க பெரியப்பாவும் பெரியம்மாவும் அங்க படிச்சு அங்கயே வேலை பாத்து ரிட்டயர் ஆனவுக. சிதம்பரம் ஸ்டேஷன்ல எறங்குனா ரயில் லைனுக்கு மேற்க நடராஜர் கோயில், கிழக்க யுனிவர்சிட்டி. பெரியம்மா சொல்வாக, நான் வாழ்க்கையில தாண்டுனது அந்தத் தண்டவாளத்த மட்டுந்தான்னு. அங்க இருக்குற சாஸ்திரி ஹாலப் பத்திப் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாக. பெரியப்பாவுக்கு காது மந்தம், அவர் பாட்டுக்குத் தலையாட்டுவாரு, ஆனா எந்த எடத்துல பெரியம்மா வருஷத்த மாத்திச் சொல்றாகன்னு மட்டும் கரெக்டா கேட்டுரும் அவருக்கு.

கண்டனூர் டு பினாங்கு:
ஆரம்பிச்சாச்சா அண்ணாமலையா அழகப்பாவா 😀 எங்க அம்மான் வீட்டுத் திண்ணையில கேட்ட சண்டை இப்ப இங்கயும்.

வளவுவீட்டுப் பேரன்:
அண்ணாமலைய யாரும் கொறச்சுச் சொல்லல. எங்க அப்பத்தா காலத்துல காரைக்குடியில பிரின்சிபாலா இருந்தது தமிழறிஞர் வ.சுப. மாணிக்கம். அவரே அண்ணாமலையில பண்டிதமணிகிட்ட படிச்சவருதான், பின்னாடி திரும்பவும் அங்கயே தமிழ்த் துறைக்குப் போனவரு. ஆனா அப்பத்தாகிட்ட அதச் சொன்னா, "நம்மகிட்ட இருந்துதான அங்க கூப்புட்டுக்கிட்டாக"ம்பாக.

அவரப் பத்தி அப்பத்தா அடிக்கடி சொல்ற விஷயம் நம்ம ஊர்க்காரவுகளுக்குத் தெரிஞ்சதுதான். மேலைச்சிவபுரிப் பிள்ளை, சின்ன வயசுல பர்மாவுல ஒரு கடையில வேலைக்கு நிக்கிறாரு. மொதலாளி, ஆபீசர் வந்தா நான் இல்லன்னு சொல்லுன்னாராம். உள்ள இருக்கையில இல்லன்னு எப்படிச் சொல்றதுன்னு மறுத்துட்டாரு, வேலை போச்சு. பொய் சொல்லா மாணிக்கம்னு பேரு. அப்பேர்ப்பட்டவரு பிரின்சிபாலா இருந்த காலேஜ்ல படிச்சிட்டு பிள்ளையார்பட்டின்னு பொய் சொல்லிட்டு லைப்ரரிக்குப் போனீங்களேன்னு கேட்டேன். "வர்ற வழியில சாமி கும்பிட்டுட்டுத்தான் வந்தோம்"ன்னாக.

செக்காலை சீனியர்:
அழகப்பர் விஷயம் தெரியாத சின்னப் பிள்ளைகளும் படிப்பாக, அதனால சொல்றேன். 1947-ல அன்னி பெசன்ட் நூற்றாண்டுக் கூட்டம் மெட்ராஸ்ல. மெட்ராஸ் யுனிவர்சிட்டி துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் பேசையில பணக்காரவுக காலேஜ் தொடங்க முன்வரணும்னு சொன்னாரு. அழகப்பச் செட்டியார் அந்தக் கூட்டத்துலயே எந்திரிச்சு நான் காரைக்குடியில தொடங்குறேன்னாரு, அந்த வருஷமே தொடங்கியும் காட்டிட்டாரு. அப்பறம் சிக்ரிக்கு (CECRI, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) 300 ஏக்கர் நெலமும் 15 லட்சம் ரூபாயும். 48 ஜூலையில நேரு வந்து அடிக்கல் நாட்டுனாரு, 53 பொங்கலன்னைக்கு ராதாகிருஷ்ணன் தெறந்து வச்சாரு. தண்ணி இல்லாத செம்மண் பொட்டல்ல ஒரு தேசிய ஆராய்ச்சிக்கூடம். தான் குடியிருந்த வீட்டையே பொம்பளப் பிள்ளைக படிக்கக் குடுத்த மனுஷன், 48 வயசு முடிய ஒரு நாள் இருக்கையில போய்ட்டாரு. 57-ல.

இதையெல்லாம் ஒரு கொடையாளியோட பெருமையா மட்டும் பாக்கக் கூடாதுங்கறது என் கருத்து. பர்மா போச்சு, கொண்டுவிக்கன்னு வியாபாரத்துக்குப் போன வெளிநாட்டு ஊரெல்லாம் ஒவ்வொண்ணாக் கைவிட்டுப் போச்சு, அடுத்த தலைமுறை என்ன பண்ணும்னு யாருக்கும் தெரியாத நேரம் அது. நம்ம ஆளுக அப்பவும் கல்யாணத்துக்கும் வீட்டுத் தூணுக்கும் செலவழிச்சுக்கிட்டு இருந்தாக.

வளவுவீட்டுப் பேரன்:
அய்யா சொன்னது எங்க வீட்டுக் கதையேதான். ஐயாவோட அப்பச்சி (அவுக அப்பா) ரங்கூன்ல இருந்தவுக. 60-கள்ல அங்க எல்லாத்தையும் அரசாங்கம் எடுத்துக்கிட்டப்ப கையில ஒண்ணும் இல்லாமத் திரும்பி வந்தாக. வீடு பெருசு, மூணு கட்டு, ஆனா அடுப்பெரியுறது செரமம். ஐயாவுக்கு சிக்ரியில வேலை கெடச்சது அந்தப் பட்டத்தாலதான். செட்டியார் வீட்டுப் பிள்ளை சம்பளத்துக்குப் போறானேன்னு பேசுனவுகளும் உண்டு. மாசம் பொறந்தா சம்பளம் வந்துச்சு, பேசுனவுக பேச்ச நிறுத்திட்டாக.

பள்ளத்தூர் மருமக:
எல்லாரும் ரசிச்சுக்கிட்டு இருக்கீக, நான் ஒரு கேள்வி கேக்குறேன், கோவிச்சுக்காதீக. ஐயா பட்டம் வாங்கி வேலைக்குப் போனாக, சரி. அப்பத்தா பி.ஏ. தமிழ் முடிச்சாக, வ.சுப.மா. பிரின்சிபால்ங்கறீக, எல்லாம் சரி. அவுக ஏன் எம்.ஏ. படிக்கல? ஏன் வேலைக்குப் போகல? அந்த லைப்ரரி கார்டு யார் புஸ்தகத்துக்குப் பயன்பட்டுச்சுன்னு பாத்தீகளா? அவுக கார்டுல அவர் புஸ்தகம். எங்க மாமியாரும் இதே காலேஜ்ல படிச்சவுகதான், பட்டத்த பெட்டகத்துல பட்டுச் சேலைக்கு அடியில வச்சுட்டு அம்பது வருஷம் பணியாரம் சுட்டாக. அதையும் இப்படித்தான் அன்பான குடும்பம்னு எங்க வீட்ல சொல்லிக்கிறாக.

கண்டனூர் டு பினாங்கு:
ஆச்சி சரியான எடத்துல கையை வச்சுட்டாக.

சிதம்பரம் பழைய மாணவன்:
ஒவ்வொருத்தர் சூழ்நிலை ஒவ்வொரு மாதிரி, வெளியில இருந்து நாம தீர்ப்பு சொல்லக் கூடாது.

பள்ளத்தூர் மருமக:
தீர்ப்பு சொல்லல தம்பி, கேள்விதான் கேட்டேன். உங்க பெரியம்மா வேலை பாத்தாக, அதனால உங்களுக்கு இந்தக் கேள்வி வரல.

வளவுவீட்டுப் பேரன்:
ஆச்சி, கோவமே இல்ல. இதே கேள்விய நான் அப்பத்தாகிட்ட கேட்டுருக்கேன், அதனால பதில் சொல்ல முடியும். நீளமா எழுதுறேன்.

கல்யாணம் ஆன ரெண்டாவது வருஷம் எங்க அப்பா பொறந்தாக. அப்பறம் ரெண்டு அத்தை. ஐயாவ சிக்ரியில இருந்து ராமேஸ்வரம் பக்கத்துல இருக்குற மண்டபம் ஊருக்கு அனுப்புனாக. அங்க கடலோரத்துல சிக்ரிக்கு ஒரு யூனிட் உண்டு, இரும்புத் தகடுகளச் சட்டத்துல மாட்டி உப்புக்காத்துல காயப்போட்டு, மாசக்கணக்கா விட்டுட்டு, துருவச் சுத்தம் பண்ணி, எடை எவ்வளவு கொறஞ்சுச்சுன்னு பாக்குற வேலை. அப்பத்தா பிள்ளைகளோட, மாமனார் மாமியாரோட, ரெண்டாங்கட்டுல. அப்ப மீட்டர்கேஜ் ரயில், மானாமதுரை வழியா. ஐயா எப்பவாச்சும்தான் வருவாக. கடுதாசிதான் எல்லாம்.

அந்தக் கடுதாசிகள நான் படிச்சிருக்கேன், அப்பத்தாவே குடுத்தாக. பாதிக்கு மேல காலேஜ் விஷயம்! இந்த வருஷம் கம்பன் விழாவுல நம்ம காலேஜ் பிள்ளைக பேசுனாக, கம்பன் கழகம் சா. கணேசன் மேடையிலயே பாராட்டுனாக, ஒரு பிள்ளை பதில் சொல்லத் தெரியாம முழிச்சுச்சு, நான் எந்திரிச்சுச் சொல்லிருப்பேன், அத்தை பக்கத்துல இருந்தாகன்னு சும்மா இருந்துட்டேன். இப்படி. ஐயாவோட பதில்ல ஒரு வரி, "அடுத்த வருஷம் எந்திரிச்சுச் சொல்லு, அத்தைகிட்ட நான் பேசிக்கிறேன்." அடுத்த வருஷம் சொன்னாகளான்னா, இல்ல. அப்பத்தாவுக்கே தைரியம் வரல. ஐயா பேசுனதும் கடுதாசியோட சரி. நீங்க கேட்டது நியாயந்தான், அந்த இருபத்தஞ்சு வருஷம் அப்பத்தா படிப்பு பெட்டகத்துலதான் இருந்துச்சு. அதை நான் அழகுபடுத்திச் சொல்ல விரும்பல.

ஆனா கதை அங்க முடியல. 1985-ல அழகப்பா யுனிவர்சிட்டி வந்துச்சு, அதே வருஷந்தான் ராமநாதபுரம் ஜில்லாவப் பிரிச்சு நம்ம சிவகங்கை ஜில்லாவும் வந்துச்சு. 92-ல தொலைதூரக் கல்வி ஆரம்பிச்சாக. கடைசி அத்தைய கட்டிக் குடுத்த கையோட அப்பத்தா ஐயாகிட்ட ஒண்ணும் கேக்கல, நேரா கவுண்டர்ல போய் அப்ளிகேஷன் வாங்கிட்டு வந்து, பூர்த்தி பண்ணி, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்துல வச்சுட்டாக. எம்.ஏ. தமிழ். ஐயா அதைப் படிச்சுப் பாத்துட்டு, "பி.ஏ. சர்டிபிகேட் காப்பி வைக்கலயே"ன்னு மட்டும் சொன்னாகளாம். அவ்வளவுதான் வசனம்.

பரீட்சை நாள்ல ஐயா ஸ்கூட்டர்ல கொண்டு போய் விட்டு, வெளிய மரத்தடியில உக்காந்து பேப்பர் படிப்பாக. எங்க அப்பா சொல்வாக, அம்மாவுக்கு பரீட்சைன்னா அப்பச்சிதான் அடுப்படி, ஒரு கொழம்பு, அதே கொழம்பு, மூணு வேளைக்கும். மாமியார்ப் பெரியாத்தா அப்ப உயிரோட இருந்தாக, அவுக அந்தக் கொழம்பத் திங்க மாட்டேன்னு பக்கத்து வீட்ல போய்ச் சாப்பிட்டாக 😀

பட்டமளிப்புக்கு தபால்ல வேண்டாம், நேர்லதான் வாங்குவேன்னு பிடிச்சபிடி. கருப்பு கவுனு போட்டு எடுத்த போட்டோ எங்க பட்டாலையில மாட்டிருக்கு, அவுக கல்யாணப் போட்டோவ விடப் பெருசு.

பள்ளத்தூர் மருமக:
நேர்மையாச் சொன்னதுக்கு நன்றி தம்பி. அப்ளிகேஷன தட்டுக்குப் பக்கத்துல வச்சாக பாருங்க, அது எனக்குப் பிடிச்சிருக்கு. என் மாமியாருக்கு இப்ப 74. இதை வாசிச்சுக் காட்டுனேன். "அவ கெட்டிக்காரி"ன்னுட்டு உள்ள போய்ட்டாக.

செக்காலை சீனியர்:
இதுல ஒரு வேடிக்கை கவனிச்சீகளா? ஐயா 63-ல முடிச்சதால அவர் பட்டத்துல மெட்ராஸ் யுனிவர்சிட்டின்னு இருக்கும். அப்பத்தா 69, அப்ப மதுரை யுனிவர்சிட்டி வந்தாச்சு, 66-ல. காமராஜர் பேரு 78-லதான் சேந்துச்சு. ஒரே காம்பவுண்டு, ரெண்டு யுனிவர்சிட்டி.

வளவுவீட்டுப் பேரன்:
அய்யா, அதுதான் எங்க வீட்டு நிரந்தரச் சண்டையே! அப்பத்தா எம்.ஏ. வாங்குனதுல இருந்து சொல்றது: "இந்த வீட்ல அழகப்பா யுனிவர்சிட்டி ஆளு நான் ஒருத்திதான், உங்க ஐயா மெட்ராஸ்காரவுக." ஐயா ஒரு பேரணியே நடத்துவாக: அழகப்பர் ஆரம்பிச்ச காலேஜ்ல படிச்சேன், அழகப்பர் நெலத்துல கட்டுன சிக்ரியில வேலை பாத்தேன், நான் மெட்ராஸா? அப்பத்தா: சர்டிபிகேட்ட எடுத்துப் பாருங்க, என்ன போட்ருக்கு? இதுக்கு அப்பறம் ஐயாகிட்ட பதில் கிடையாது, காப்பி கேப்பாக.

புதுவயல்காரன்:
ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போவேன், இன்னைக்கு எழுதணும்னு தோணுச்சு. எங்க அப்பா காரைக்குடியில ஒரு காலேஜ்ல லேப் அட்டெண்டர், அம்மா அதே காம்பவுண்டுல கூட்டிப் பெருக்குற வேலை. ரெண்டு பேரும் ஒரு நாள்கூட கிளாஸ்ல உக்காந்ததில்ல. ஆனா காலேஜ் மேல அவங்களுக்கு இருந்த பாசம் யாருக்கும் கொறஞ்சதில்ல. அப்பா பிப்பெட்ட கழுவி வரிசையா அடுக்குனா புரொபசருங்க எடுக்கவே யோசிப்பாங்க. எத்தனை பேட்ச் பிள்ளைங்களுக்கு சால்ட் அனாலிசிஸ்ல மெல்ல ஜாடை காட்டிருப்பாரோ, பாஸ் பண்ணவங்களுக்குத்தான் தெரியும். சாயங்காலம் ரெண்டு பேரும் ஒரே சைக்கிள்ல கெளம்புவாங்க, கொஞ்ச தூரம் வந்ததும் அம்மா எறங்கி நடக்கும், காலேஜ் பிள்ளைங்க பாத்தா சிரிக்கும்னு. ரோடு திரும்புனதும் மறுபடி ஏறிக்கும்.

அப்பா ரிட்டயர் ஆனப்ப ஒரு சால்வை போட்டாங்க. அம்மாவுக்கு அதுவும் இல்ல, அது கான்ட்ராக்ட். குறை சொல்ல எழுதல. நான் அதே ஊர்ல பி.எஸ்ஸி. படிச்சேன், இப்ப ரைஸ்மில்ல அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். உங்க ஐயா அப்பத்தா காசு குடுக்குறது பெரிய விஷயம். குடுக்கையில இந்த மாதிரி வேலை பாக்குறவங்க பிள்ளைங்களையும் ஒரு வரி சேத்து எழுதச் சொல்லுங்க, அதைக் கேக்கத்தான் எழுதுனேன்.

கண்டனூர் டு பினாங்கு:
அண்ணே, இந்த இழையிலயே இதுதான் உருப்படியான பதிவு.

சிதம்பரம் பழைய மாணவன்:
புதுவயல் நண்பரே, எங்க பக்கமும் இதே கதைதான். சிதம்பரத்துல பெரியப்பா வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் வாட்ச்மேன் குடும்பம்தான் மொதல்ல வந்து நிக்கும். பரிசு வைக்கையில அவங்க ஞாபகம் யாருக்கும் வர்றதில்ல. ஒண்ணு சொல்லிக்கிறேன், அண்ணாமலைய அரசாங்கம் எடுத்துக்கிட்டது 2013-ல. அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் நல்லது கெட்டது ரெண்டும் உண்டு, அழகப்பாவ மட்டந்தட்ட நான் வரல.

மாடரேட்டர்:
அண்ணாமலை – அழகப்பா ஒப்பீடு போதும். கேட்ட கேள்விக்கு வருவோம். அறக்கட்டளை வச்ச அனுபவம் உள்ளவுக யாராவது?

அறந்தாங்கி ஆடிட்டர்:
நான் சொல்றேன். ரெண்டு மூணு குடும்பத்துக்கு இந்த வேலை பண்ணிக் குடுத்துருக்கேன், எங்க எப்படின்னு பேர் சொல்ல மாட்டேன்.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கங்க. நீங்க குடுக்குற மொதல அவங்க பேங்க்ல டெபாசிட்டாப் போட்டு வட்டிய மட்டுந்தான் செலவு பண்ணுவாங்க. 5 லட்சம், 7 சதவீதம்னு வச்சா வருஷம் 35,000. இன்னைக்கு அது நல்ல தொகை. இருபது வருஷம் கழிச்சு அதே 35,000-தான் இருக்கும், பீஸ் எங்கயோ போயிருக்கும். பழைய காலேஜ்கள்ல 60-கள்ல ஆயிரம் ரூபா மொதல் போட்டு வச்ச பரிசுகள் உண்டு, 5 சதவீத வட்டின்னா வருஷம் 50 ரூபா. அன்னைக்கு அந்த 50 ரூபாய்க்கு மரியாதை இருந்துச்சு. இன்னைக்கு மேடையில கூப்பிட்டு 50 ரூபா குடுத்தா அந்தப் பிள்ளை ஊருக்குத் திரும்ப பஸ்சுக்குப் பத்தாது. அதனால பத்திரத்துலயே எழுதிருங்க: வட்டியில கால்வாசிய ஒவ்வொரு வருஷமும் மொதலோட சேக்கணும்னு. ஒத்துக்குவாங்களான்னு முன்னாடியே கேட்டுக்கங்க.

ரெண்டாவது, நிபந்தனைய ரொம்ப இறுக்கிக் கட்டாதீங்க. ஒரு குடும்பம் இன்ன ஊர், இன்ன சப்ஜெக்ட், இத்தனை மார்க், இன்ன பிரிவுன்னு அஞ்சு நிபந்தனை போட்டுச்சு. பொருந்துற பிள்ளையே வரல, காசு வருஷக்கணக்கா அப்படியே கெடந்துச்சு. "தகுதியானவர் இல்லையேல் அடுத்த நிலையில் உள்ளவருக்கு"ன்னு ஒரு வரி கட்டாயம் வேணும்.

மூணாவது, பணமாக் குடுக்காதீங்க. 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமாக் குடுத்தா வருமான வரியில நன்கொடைக் கழிவு கிடையாது. செக் இல்லன்னா டிடி. புது வரி முறையில இருந்தீங்கன்னா அந்தக் கழிவே வராது, அதையும் பாத்துக்கங்க. பென்ஷன்காரவுக நெறைய பேரு இதுல ஏமாந்து போறாங்க.

காலேஜா யுனிவர்சிட்டியான்னு கேட்டா, ரெண்டு ஆபீசுக்கும் நேர்ல போங்க. யார் உங்கள உக்காரச் சொல்லி பைல் நம்பரோட பதில் குடுக்குறாங்களோ அங்க வைங்க. இதுக்கு மேல அதுல தத்துவம் ஒண்ணும் இல்ல.

பள்ளத்தூர் மருமக:
ஆடிட்டர் சார், மொத ரேங்க் பரிசு நல்லதா, பீஸ் உதவி நல்லதா?

அறந்தாங்கி ஆடிட்டர்:
கணக்குக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆனா நான் பாத்த வரைக்கும் மொத ரேங்க் பரிசு விழா மேடையில முடிஞ்சுரும். பீஸ் உதவி ஜூன் மாசமே கைக்குப் போகணும், நவம்பர்ல போனா பிரயோசனம் இல்ல, அதுக்குள்ள அந்தப் பிள்ளை நின்னுருக்கும். எந்த மாசம் குடுக்கணும்னு பத்திரத்துல எழுதுங்க. யாரும் எழுதுறதில்ல.

செக்காலை சீனியர்:
அப்பத்தா கட்சிக்கு என் ஓட்டு. ஐயா கோவிச்சுக்கப் போறாக.

வளவுவீட்டுப் பேரன்:
நேத்து ராத்திரி இந்த இழைய முழுசா ரெண்டு பேருக்கும் சத்தமா வாசிச்சேன். ஐயாவுக்கு லைப்ரரி கார்டு விஷயத்த வெளிய சொன்னதுல கோவம். "அது எலக்ட்ரோகெமிஸ்ட்ரி இல்ல, இன்னார்கானிக்"ன்னாக. அப்பத்தா, எதுவா இருந்தா என்ன, பைன் கட்டுனது நான்தானேன்னாக. அந்தப் பைன் விஷயம் எனக்கே புதுசு.

பள்ளத்தூர் ஆச்சி எழுதுனத வாசிக்கையில ஐயா பேசாம இருந்தாக. அப்பறம், "அந்த ஆச்சி சொன்னது சரிதான், நான் மண்டபத்துல இருந்து கடுதாசி எழுதுனேனே தவிர வந்து பேசல"ன்னாக. அப்பத்தா, "நீங்க வந்து பேசிருந்தா அத்தை என்னையத்தான் திட்டிருப்பாக, விடுங்க"ன்னுட்டு, புதுவயல்காரர் எழுதுன எடத்த இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாக. அந்த சைக்கிள் எடத்த.

முடிவு இப்போதைக்கு இது. ஒரே அறக்கட்டளை, ரெண்டு பங்கு. பெரிய பங்கு, கல்யாணம் ஆகியோ வேலைக்குப் போயோ படிப்ப விட்டுட்டுத் திரும்ப வர்ற பொம்பளப் பிள்ளைகளுக்கு பீஸ், ஜூன்லயே. கேம்பஸ்ல கடைநிலை வேலை பாக்குறவுக பிள்ளைகளுக்கு முன்னுரிமை, பொண்ணு பையன்னு பாக்காம. சின்னப் பங்கு ஐயாவோட கெமிஸ்ட்ரி, ஆனா மொத ரேங்க்குக்கு இல்ல, பிராக்டிகல்ல நல்லாப் பண்றவனுக்கு. இது ஐயாவே சொன்னது. தியரி எவன் வேணா மனப்பாடம் பண்ணுவான், லேப்லதான் தெரியும்னு. கால்வாசி வட்டி மொதலுக்கு. திங்கக்கெழம ரெண்டு ஆபீசுக்கும் நானும் ஐயாவும் போறோம், அப்பத்தாவும் வர்றாகளாம், "நீங்க போனா மெட்ராஸ்னு திருப்பி அனுப்பிருவாக"ன்னு.

ஒண்ணுதான் இன்னும் இழுக்குது. அறக்கட்டளைப் பேர். ஐயா, அப்பத்தா பேர் மொதல்ல வரணும், அவதான் யுனிவர்சிட்டி ஆளுங்கறாக (இத்தனை வருஷத்துல மொத தடவையா ஒத்துக்கிட்டாக!). அப்பத்தா, புருஷன் பேருக்கு முன்னாடி எம்பேரப் போட்டா ஊர்ல என்ன சொல்வாக, அதெல்லாம் முடியாதுங்கறாக. ஆடிட்டர் சார், ரெண்டு பேரையும் ஒரே வரியில போடலாமா, இல்ல ஒரு பேர்தான் வைக்கணுமா?

அறந்தாங்கி ஆடிட்டர்:
ரெண்டு பேரும் போடலாம், தடை ஒண்ணும் இல்ல. ஆனா சுருக்கமா வைங்க, நீளமா இருந்தா அழைப்பிதழ்ல வெட்டிருவாங்க, வெட்டுனா பின்னாடி இருக்குற பேர்தான் போகும். அதை அப்பத்தாகிட்ட சொல்லுங்க, யார் பேரு பின்னாடி இருக்கணும்னு அவுகளே முடிவு பண்ணட்டும். பான் கார்டு நகல் ரெண்டு பேரோடதும் எடுத்துட்டுப் போங்க, எழுத்து ஆதார்ல இருக்குற மாதிரியே இருக்கணும்.